மறைவில் நின்று கை தூக்கியவன்

பதினோரு வருஷம் கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். எனக்கு இடம் நடுக்களம். அதில் ஒரு சீசனின் பாதியை மைதானத்தில் ஒளிந்தே கழித்தேன்.

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெட்டவெளிப் புல்லில் எங்கே ஒளிவது என்று கேட்பீர்கள். ரொம்பச் சுலபம். எதிரணிக்காரன் ஒருவனுக்குப் பின்னால், அவன் முதுகு மறைக்கிற மாதிரி நின்றுகொண்டால் போதும். பந்து வைத்திருக்கும் நம் ஆள் தரையோடு தள்ளினால் அது முன்னால் நிற்பவன் காலில்தான் படும். நமக்கு வரவே வராது. கூடவே ஒரு கையை உயரத் தூக்கி, இங்கே கொடு, இங்கே கொடு என்று காட்ட வேண்டும். கேலரியில் உட்கார்ந்திருப்பவர் பாவம், இவன் பந்துக்காக எப்படித் தவிக்கிறான் பார் என்று நினைத்துக்கொள்வார். பந்து வைத்திருப்பவனுக்கு மட்டும்தான் தெரியும், கை தூக்கியவன் மறைவில் நிற்கிறான் என்று.

பயம்தான் காரணம். அந்த சீசனில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் என் காலிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு போய் கோல் போட்டார்கள். எங்கள் அணி ரசிகர்களே என்னைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். அதற்குப் பிறகு பந்து என் பக்கம் உருண்டாலே யார் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கலாம் என்று தேடுவேன். புதுச்சேரியில் எங்கள் வைத்திக்குப்பத்துக் கடற்கரை மணலில் இரண்டு படகுக்கு நடுவில் இருக்கிற சந்தில் நாலு பேரை ஏமாற்றிப் பந்து கடத்திய கால் இது. அதே காலுக்குப் பந்தே வேண்டாம் என்றாகிவிட்டது. யாரிடமாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை, ஓட ஆரம்பித்தேன். பனியனுக்குள் ஒரு சின்னக் கருவியை மாட்டி நாங்கள் ஓடும் தூரத்தை அளப்பார்கள். பந்துக்குத் தப்பி நான் ஓடிய ஓட்டத்தில் வாராவாரம் பட்டியலில் என் பெயர்தான் முதலில் வந்தது. பயிற்சியாளர் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். நானும் கூச்சமில்லாமல் தலையாட்டினேன்.

பந்து வைத்திருந்தவன் பெரும்பாலும் என் நண்பனாகத்தான் இருப்பான். எனக்குப் பின்னால் நின்று தடுத்தாடுகிறவன், அவனும் புதுச்சேரிக்காரன். மாதா கோயில் தெருவில் வீடு, அவன் அம்மா தையல்காரர். வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் குப்பத்துக்கு வந்து, மீன் விற்கும் என் அம்மாவிடம்தான் வாங்குவார். பேரம் பேசாமல் வாங்குகிற ஒரே ஆள் என்று அம்மாவுக்கு அவர்மேல் ஒரு பிரியம். மேற்குக் கடற்கரை நகரம் ஒன்றில் எங்கள் இருவருக்கும் ஒரே கிளப், ஒரே அறை. அவன் ஜெபமாலை தொங்குகிற ஆணியில்தான் என் சட்டையும் தொங்கும்.

சீசனின் கடைசி ஆட்டம் அது. எங்கள் இருவர் ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிகிறது. ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது கோல்கீப்பர் அவனிடம் பந்தை உருட்டிவிட்டார். இரண்டு பேர் அவனை நோக்கி ஓடி வந்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் வழக்கம்போல ஓர் ஆளுக்குப் பின்னால் போய் நின்று கையைத் தூக்கினேன். அவன் எனக்கே தள்ளினான். முன்னால் நின்றவன் காலை நீட்டித் தடுத்து, நாலு எட்டில் போய் கோல் அடித்துவிட்டான். நண்பன் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். அப்போது நான் செய்ததை எழுதவே கை கூசுகிறது. அவனைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தேன், என்னடா இப்படிப் பண்ணிட்டியே என்கிற மாதிரி. அரங்கம் முழுக்க அதைப் பார்த்தது.

மறுநாள் பயிற்சியாளர் அந்தக் காட்சியைத் திரையில் நிறுத்தி வைத்தார். பக்கவாட்டிலிருந்து எடுத்த படம். அதில் பார்த்தால் நான் ஆளில்லாத இடத்தில் நிற்பது போலத்தான் தெரிந்தது. நீ பந்து கேட்டாயா என்று என்னிடம் கேட்டார். கேட்டேன் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, பாருங்கள். நண்பன் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு எழுந்து, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

எனக்கு இன்னும் இரண்டு வருஷம் ஒப்பந்தம் கொடுத்தார்கள். அவனை அனுப்பிவிட்டார்கள். வேறு எந்தக் கிளப்பும் கூப்பிடவில்லை. அந்தக் காட்சிக்கு நகைச்சுவை வசனம் ஒட்டி ஊரெல்லாம் போனில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் நாலு பேர் அனுப்பினார்கள். ஆறே மாதத்தில் அவன் புதுச்சேரிக்குப் பக்கத்தில் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போய்விட்டான். அவன் அம்மா வெள்ளிக்கிழமை வருவதும் நின்றுபோனது. என்ன கோபமோ தெரியலை என்று என் அம்மா என்னிடம் சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றுவேன். என்மேல் கோபமாக இருக்கட்டும், அதுதான் நியாயம் என்று உள்ளுக்குள் ஓர் ஆறுதல்கூட இருந்தது.

இந்த வருஷம் ஆட்டத்தை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். குப்பத்து இளைஞர்கள் தெருமுனையில் எனக்கு ஒரு பேனர் வைத்தார்கள், ‘நடுக்களத்தின் அஞ்சாத சிங்கம்’ என்று. அதைக் கடந்து டீ குடிக்கப் போவதற்கே வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்றாம் நாள் பைக்கை எடுத்துக்கொண்டு சேதராப்பட்டுக்குப் போய், காலை ஷிப்டு விடுகிற நேரத்தில் கம்பெனி வாசலில் நின்றேன். சாப்பாட்டுப் பையோடு வந்தவன் என்னைப் பார்த்ததும் சிரித்தான். அந்தச் சிரிப்பு தாங்காமல், நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"தெரியும்டா," என்றான். "அந்த மேட்ச்ல இல்ல. அதுக்கு மூணு மாசம் முன்னாடியே தெரியும்."

"பின்ன எதுக்கு எனக்கே குடுத்த? எல்லார் தலைக்கும் மேல தூக்கி அடிச்சிருக்கலாம்ல?"

"எப்பவும் தூக்கியே அடிச்சா, நடுவுல ஆளு இருக்கறப்ப ஏன் குடுக்கலன்னு கோச் கேப்பாரு. அப்ப நீ மாட்டிக்குவ. அதான் நடுவுல நடுவுல உனக்கும் தள்ளுவேன். அன்னைக்கு மாட்டிக்கிச்சு."

மூன்று மாதமாக அவன் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். கைவிரித்து நின்றேனே, அந்த என்னை. நான் என்ன வேண்டுமானாலும் செய்கிறேன், பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்று உளறினேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"அதெல்லாம் வேணாம். எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடு. நான்தான் உன் ஆட்டத்தக் கெடுத்துட்டேன்னு நெனச்சிக்கிட்டிருக்குது. உங்கம்மா மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டுத்தான் மீன் வாங்க அந்தப் பக்கமே வர்றதில்ல. நான் சொன்னா, தப்ப அடுத்தவன் தலைல கட்டுறான்னு என்னைத்தான் திட்டும்."

அவருக்கு என்மேல் கோபமே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாளைக் காலையிலேயே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவன் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறினான்.

சொன்னபடி மறுநாள் காலையில் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டேன். அவன் அம்மா வாசலில் என்னைப் பார்த்ததும் தையல் மெஷினிலிருந்து பதறி எழுந்தார். நாற்காலியில் கிடந்த துணிகளை வாரிப் போட்டுவிட்டு, உட்காரச் சொல்லி முந்தானையால் துடைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, நானே உங்க வீட்டுக்கு வந்து மன்னிப்பு கேட்டிருக்கணும். அன்னைக்கு எம்புள்ள செஞ்சது தப்புதான்பா. அவ்ளோ ஓடி ஓடி ஆடுன, உன் உழைப்பெல்லாம் பாழாக்கிட்டான். மனசுல வச்சிக்காத."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் மனப்பாடம் செய்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. ஒரே ஒரு வாக்கியம்தான்.

"பரவால்லம்மா," என்றேன்.

அவர் முகம் தெளிந்த அழகை என்னவென்று சொல்வது! காப்பி போட்டுக் கொடுத்தார், குடித்தேன். வர்ற வெள்ளிக்கிழமை மீன் வாங்க வர்றேன்னு அம்மாகிட்ட சொல்லு என்று தெருவரைக்கும் வந்து அனுப்பினார். சொல்கிறேன் என்றேன்.

ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போனதும் நண்பன் போன் செய்தான்.

"அம்மா ரொம்ப சந்தோஷமா இருக்குது," என்றான். "நீ எங்கள மன்னிச்சிட்டியாமே."

அவன் போனை வைக்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தான். நான்தான் வைத்தேன்.