எந்தக் கணினியிலும் எழும் டிரைவ்

பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். அதனால் என் மூத்த சகோதரி, ராத்தாவின் வீடும் என் வீடும் ஒரே வளவுக்குள், நடுச்சுவரில் ஒரு சின்னக் கதவோடு இருக்கின்றன. அந்தக் கதவு வழியாகத்தான் அவளுடைய லெப்டொப் என்னிடம் வரும். அவளுடைய கணவர், மச்சான், கத்தாரிலிருந்து கொண்டுவந்தது. என்னுடையது செத்துப்போய் நாளாகிவிட்டது.

நான் வாவிக்கு அக்கரையில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். வீட்டில் தயாரிக்கும் வினாத்தாள், பாடசாலைக் கணினியில் திறந்தால் எழுத்துகள் உடைந்து கட்டம் கட்டமாக நிற்கும். என் எழுத்துருக்கள், என் கோப்புகள், கணினியை எழுப்பும் இயங்குதளம் எல்லாவற்றையும் ஒரு யூ.எஸ்.பி. டிரைவில் போட்டு, போகிற இடத்தில் செருகினால் என்ன என்று தோன்றியது. தோன்றினால் என் கை சும்மா இருக்காது. ராத்தாவிடம் கேட்டு லெப்டொப்பை வாங்கி, ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து செய்தேன். டிரைவிலிருந்து அது அழகாக எழுந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த நாள் பாடசாலைக் கணினி அந்த டிரைவைத் திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தால், ராத்தா கறுத்த திரைக்கு முன்னால் இருந்தாள். நாலைந்து வெள்ளை எழுத்துகளைத் தவிர அதில் ஒன்றுமில்லை. மூன்று பிள்ளைகளுக்குப் பிறகு, வீட்டிலிருந்தபடி வெளிவாரிப் பட்டம் படிப்பவள். அவளுடைய ஆய்வறிக்கையின் ஒரே பிரதி அதற்குள் இருந்தது.

"ராத்தா, நான்தான் கெடுத்துப்போட்டன்."

"அறிக்கை கிடக்கா, இல்லையா? அதைச் சொல்லு."

பயத்தோடு டிரைவைச் செருகினேன். லெப்டொப் எழுந்தது. அறிக்கையும் இருந்தது. நடந்தது அப்போதுதான் விளங்கியது. கணினியை எழுப்புகிற சின்னக் கோப்பை டிரைவில் எழுதாமல் லெப்டொப்பின் உள் வட்டில் எழுதியிருக்கிறேன். அந்தக் கோப்போ மீதியை டிரைவில்தான் தேடும். அதனால் டிரைவ் வேறெங்கும் எழாது, டிரைவ் இல்லாமல் லெப்டொப்பும் எழாது. இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். பயம் போனதும் சிரிப்பு வந்தது. உள் வட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்திருந்தால், அந்தக் கோப்புக்கு டிரைவைத் தவிர வேறு போக்கிடம் இருந்திராது. இதையெல்லாம் ராத்தாவுக்கு விளக்கினேன்.

திட்டுவாள் என்று பார்த்தேன். சரியாகச் செய்தால் எல்லாக் கணினியிலும் வேலை செய்யுமா என்று கேட்டாள். பெரும்பாலானவற்றில் செய்யும், டிரைவிலிருந்து எழுப்ப அழுத்தும் விசை மட்டும் கணினிக்குக் கணினி மாறும் என்றேன்.

"அப்ப எனக்கும் ஒண்டு செஞ்சு தா. மச்சான் மாசக் கடைசியில வாறார். போகக்குள்ள இந்த லெப்டொப்பக் கொண்டு போயிடுவார். பிறகு கிடைக்கிற கணினியிலதான் எழுதணும்."

"இது உங்கட இல்லையா?"

"அவர்ர. படிச்சு முடியுமட்டும் தாங்க எண்டு ரெண்டு தரம் கேட்டுப் பார்த்தன்."

இத்தனை மாதமாக அவளிடம் நான் இரவல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளும் இரவலில்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்றே லெப்டொப்பைப் பழையபடி சரிசெய்தேன். பிறகு பின்மூடியைத் திறந்து உள் வட்டைக் கழற்றினேன். எனக்கென்று வாங்கிய டிரைவை முழுதாக அழித்து, அவளுடைய பெயரில் எழுதத் தொடங்கினேன்.