மார்ஜோ கொண்டுவந்த பாத்திரம்

ஐலா கோஸ்கி நன்றாகச் சமைப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய கூலாஷில் உப்பு எப்போதும் ஒரு சிட்டிகை குறைவு. ஆனாலும் மின்னசோட்டாவில் எங்கள் இரும்புச் சுரங்க ஊரில் யார் செத்தாலும் சாப்பாட்டுக்கு அவரைத்தான் கூப்பிட்டோம். பள்ளிப் பேருந்து ஓட்டுவது அவர் வேலை; வண்டியை நிறுத்திவிட்டு நேராக தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு வருவார். மாட்டுக் கொத்துக்கறி வதங்கும் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு இன்றும் அந்த இடம்தான் நினைவுக்கு வருகிறது.

கூலாஷ் என்றால் எங்களுக்கு மக்ரோனி, கறி, வெங்காயம், தக்காளி டின். வேட்டைக் காலத்தில் மான்கறி சேரும், தோட்டம் காய்த்தால் சோளம். ஆள் கூடினால் மக்ரோனியும் கூடும். எதைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும் பண்டம் அது.

சுரங்கத்தில் வேலைநிறுத்தம் நடந்த குளிர்காலத்தில் லெஹ்டோ மட்டும் மறியலைத் தாண்டி வேலைக்குப் போனான். அவன் மனைவி மார்ஜோவோடு ஊரே பேச்சை நிறுத்தியது. அப்போதுதான் கிழவர் வைனோ இறந்தார். பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுநாடாவில் பெயர். மார்ஜோவும் தன் கூலாஷ் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமல் கதவோரம் உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் ஒரு பெண் முழுப் பாத்திரத்தோடு வீடு திரும்புவதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. மற்றவை எல்லாம் தீர்ந்துகொண்டிருந்தன. அவளுடையதில் கரண்டி படவில்லை.

ஐலா அதை எடுத்துக்கொண்டு, நானும் எல்வியும் தட்டு கழுவிக்கொண்டிருந்த அடுக்களைக்குள் வந்தார்.

"ஐயோ அக்கா, அது கருங்காலி வீட்டுது. ஒருத்தரும் தொட மாட்டாங்க," என்றாள் எல்வி.

"அதான் உள்ள கொண்டாந்தேன்." மொத்தத்தையும் தன் பெரிய பாத்திரத்தில் கவிழ்த்துக் கிளறினார்.

"கிளறினா தெரியாதா? நம்மளுது வளைஞ்ச மக்ரோனி, அவளுது சங்கு மாதிரி. குருடன்கூட கண்டுபிடிச்சிருவான்!"

"குருடன் வந்தா அவனுக்கும் ஒரு கரண்டி போடு. சும்மா நிக்காத, அந்தப் பக்கம் புடி."

பெரிய பாத்திரத்தைக் கூடத்து மேசைக்குக் கொண்டுவந்ததும், இரண்டாம் முறை வாங்க முதலில் வந்து நின்றவன் செத்தவரின் மகன் ரெய்னோ. மறியலில் முன்வரிசை ஆள். தட்டில் விழுந்த சங்குகளைப் பார்த்தான். கூடமே அவனைப் பார்த்தது. மார்ஜோ தரையைப் பார்த்தாள்.

"இது யார் வீட்டுது, ஐலாக்கா?"

"உங்கப்பா சாவுக்கு வந்தது, தம்பி."

"அதில்ல, நான் கேட்டது..."

"உங்கப்பா இதெல்லாம் கேட்டுட்டா சாப்பிடுவாரு?"

"அவரா? கேக்கறதுக்குள்ள ரெண்டு தட்டு காலியாயிருக்கும்," என்றான். நின்றபடியே ஒரு வாய் தின்றான். "உப்பு பத்தல."

"அது என் பங்கு. அவளுதுல சரியாத்தான் இருந்துச்சு," என்றார் ஐலா.

யாரோ சிரித்தார்கள். பின்னால் வரிசை நீண்டது. யாரும் மன்னித்துவிட்டதாக நான் நினைக்கவில்லை, சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

ஐலா அந்தப் பாத்திரத்தைத் தானே கழுவி, பெயர் அழியாமல் அடியைத் துடைத்து, கதவோரம் கொண்டுபோய் நீட்டினார்.

"காலியாயிடுச்சு. அடுத்த தடவ பெருசா கொண்டுவாடி."

மார்ஜோ அதை வாங்கி நாற்காலியில் வைத்தாள். அப்புறம்தான் கோட்டைக் கழற்றினாள். அடுக்களைக்குள் வந்து, எல்வியிடம் எதுவும் கேட்காமல் ஒரு துண்டை எடுத்து, ஈரத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள். எல்வி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.