மூன்றாவது இலக்கம்

டிப்ளமோ முடித்த கையோடு கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்தபோது தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் இருந்தன. கேம்ப் என்ற பகுதியில் ஓர் அறை, நகருக்கு வெளியே ரஞ்சன்காவில் வேலை. முதல் நாள் கம்பெனி பஸ்ஸில் நான் டிரைவரிடம் இந்தியில் தடுமாறியதைக் கேட்டுவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் சிரித்தார்.

"மதராஸா தம்பி? இங்க வந்து உக்காரு."

அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. புனேயின் கட்கியில் பிறந்து வளர்ந்தவர். ஊர் என்பது அவருக்கு அப்பா சொல்லிக் கேட்ட இடம் மட்டும்தான். தமிழும் இந்தியும் மராத்தியும் ஒரே வாக்கியத்தில் வரும். தினமும் எனக்கும் சேர்த்து ஒரு டப்பாவில் போஹா என்கிற அவல் உப்புமா கொண்டுவருவார்.

எங்கள் தொழிற்சாலையில் வண்டிகளுக்கான எஃகுப் பின்கள் செய்தோம். விட்டம் பன்னிரண்டு மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் நாலு பங்குதான் கூடவோ குறையவோ செய்யலாம். காலை ஷிஃப்டில் அக்காதான் இன்ஸ்பெக்டர். மணிக்கு ஐந்து பின்களை எடுத்து, எண்ணெயைத் துடைத்து, மைக்ரோமீட்டரில் அளந்து நோட்டில் எழுதுவார். சந்தேகம் வந்தால் மறுபடி துடைத்து, மறுபடி அளப்பார். என் மேஜை பக்கத்திலேயே இருந்ததால் தினமும் பார்ப்பேன். மற்ற இரண்டு ஷிஃப்டுகளில் ஆண்கள்.

இப்படி எழுதிய நோட்டுகள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. யாரும் திறந்து பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் வந்ததும், அந்த எண்களை ஏற்றிக் கோடுகளாக வரையும் வேலை என்னிடம் வந்தது. புரோகிராமை நானே எழுதினேன். முதல் மாதமே பலன் தெரிந்தது. இரண்டாவது ஷிஃப்டின் கோடு மாலையானால் மெல்ல மேலே ஏறியது. பின்களைத் தீட்டும் சாணைக்கல் தேய்வதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, அதைச் சீராக்கும் நேரத்தை முன்னால் கொண்டுவந்தார்கள். கழித்துப்போடும் பின்கள் குறைந்தன. மேனேஜர் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார். அக்கா எல்லோரையும்விட பலமாகக் கைதட்டினார்.

மூன்று ஷிஃப்டின் கோடுகளையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்தது அதற்குப் பிறகுதான். இரண்டு கோடுகள் ஏறி இறங்கின. அக்காவின் கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராகப் போனது. மேனேஜர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்‌ஷன் மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம்.

"எந்த மெஷினும் இப்படி ஓடாது. அளக்காமலே எழுதியிருக்கிறீர்கள்" என்றார் இந்தியில்.

அக்கா முதலில் சிரித்தார், வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து. பிறகு முகம் மாறியது. மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "கணக்கில் தப்பு இருக்குமா?"

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது, சார்" என்றேன்.

"அரே தம்பி, என் வஹியத் திறந்து பாரு. எல்லாம் அதுல எழுதியிருக்கேன் இல்ல?" என்று அக்கா நோட்டை என் பக்கம் தள்ளினார். நான் திறக்கவில்லை. அதிலிருந்த எண்களை டைப் செய்தவனே நான்தான். பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். உண்மையில், பாராட்டு வாங்கிக் கொடுத்த ஒன்றைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரமே அவரை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கையில் வேறொரு பெண் உட்கார ஆரம்பித்தாள். போஹாவும் நின்றது.

ஏழெட்டு மாதம் கழித்துப் புது சாஃப்ட்வேர் வந்தது. பழைய எண்களை அதற்கு மாற்றும்போது சரிபார்க்க அக்காவின் நோட்டைத் திறந்தேன். 12.004. 12.001. 11.997. 12.003. பக்கம் பக்கமாக அப்படியே. கம்ப்யூட்டரில் பார்த்தால் எல்லாமே 12.00. மற்ற இருவரும் பன்னிரண்டுக்கு எத்தனை மைக்ரான், அதாவது ஆயிரத்தில் எத்தனை பங்கு, கூடுதல், எத்தனை குறைவு என்று முழு எண்ணாக எழுதுவார்கள். அக்கா மட்டும் முழு அளவையும் எழுதுவார். அதைச் சேமிக்கும் இடத்தில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போதும் என்று வைத்தவன் நான். அவர் கவனமாக அளந்த மூன்றாவது இலக்கத்தை என் புரோகிராம் நாள்தோறும் ரவுண்ட் செய்து எறிந்திருக்கிறது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "இப்போது எதற்குக் கிளற வேண்டும்? பேக்கிங்கில் நன்றாகத்தானே இருக்கிறார்" என்றார். சரி சார் என்று வந்துவிட்டேன். பேக்கிங் பிரிவு இருபதடி தூரத்தில் இருந்தது. நான் போகவில்லை. நாளை சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அக்கா வேலையை விட்டுவிட்டார் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள்.

அதன்பின் நான் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு மாறினேன். புனேயிலேயே பாணேரில் வீடு வாங்கினேன். சில வருடங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேம்ப்பில் ஒரு துணிக்கடை வாசலில் அவரைப் பார்த்தேன். கையில் பைகள், தலை நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"நல்லா இருக்கியா தம்பி? குண்டாயிட்டே."

அங்கேயே, கூட்டத்தின் நடுவில், எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என்னோடதுங்க்கா. உங்க கணக்கெல்லாம் சரியாத்தானுங்க இருந்துச்சு."

அவர் பைகளைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும்டா நான் அளந்தேன்னு. அது உனக்கும் தெரியும் இல்ல? பக்கத்துலயே உக்காந்து ரோஜ், ஒரு நாள் விடாம பாத்தியே."

நான் கீழே இருந்த பைகளைப் பார்த்தேன்.

"எப்பக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டார்.

"நீங்க பேக்கிங்ல இருந்தப்பவேங்க்கா."

அக்கா சாலையைப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்படவில்லை. "நான் அளக்கலேன்னு மேனேஜர் எல்லார் முன்னாடியும் சொன்னாரு. நீ எங்கிட்ட மட்டும் சொல்றே" என்றார். பிறகு பைகளை எடுத்துக்கொண்டு, "பஸ் வந்துருச்சு, வரேன்" என்று நடந்தார்.

மறுநாள் நடந்ததை எல்லாம் எழுதி அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். பதில் வரவில்லை. மேனேஜர் எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று பின்னர் தெரிந்தது. அன்று மேஜையைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட இப்போது அங்கே இல்லை. யார் முன்னால் சொல்வது? கடிதம் எழுதினேன் என்று அக்காவிடம் சொல்லவும் வழியில்லை. அவருடைய போன் நம்பரை அன்று நான் கேட்டு வாங்கவில்லை.