கவுச்சிக் குழாய்

எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையான மேட்டுப்பாளையத்தில் மருத்துவக் குழாய் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. வெறும் பிளாஸ்டிக்கை உடம்புக்குள் விட்டால் அதன்மேல் இரத்தம் உறைந்துவிடும். அதனால் ஒரு பசையைப் பூசிச் சோதித்துக்கொண்டிருந்தோம். கடலோரக் குருசுக்குப்பத்திலிருந்து மூட்டையாக வரும் இறால் ஓட்டிலிருந்து எடுத்த பசை. அப்படியே பூசினால் இரத்தம் இன்னும் வேகமாக உறையும். கந்தகம் சேர்த்து அதன் குணத்தை மாற்றினால்தான் தடையில்லாமல் ஓடும். இதை வீட்டில் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

புரட்டாசி பிறந்த மூன்றாம் நாள் அக்காவுக்குச் சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்துவிட்டது. கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தாக வேண்டும், இரண்டு நாளுக்குமேல் தாங்காது என்றார் டாக்டர். அக்கா புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொடாதவள். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவள் என்னைப் பார்த்தாள்.

“டேய், இது நீ இறால் தடவுற குழாயா?”

“இல்லக்கா. எங்களுது இன்னும் வெளிய வரல.”

“அப்ப இதுல இன்னா தடவியிருக்கான்?”

ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். பெரிய இவன் மாதிரி, “பாத்துச் சொல்றேன்” என்றேன். நர்சிடம் பெட்டியை வாங்கி உள்ளிருந்த தாளைப் படித்தேன். இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் பூசியிருந்தார்கள். பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. இறாலுக்கே இந்தப் பாடு. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

“ஆபத்துக்குப் பாவமில்ல” என்றார் மாமா.

“அதப் பெருமாள்கிட்ட நீங்க போயி சொல்லுங்க” என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் அக்கா.

அன்றும் மறுநாளும் ஊரிலுள்ள மருந்துக் கடைகளையெல்லாம் சுற்றினேன். கடற்பாசிப் பசை பூசியதாவது, ஒன்றும் பூசாததாவது கிடைக்குமா என்று கேட்டேன். முத்தியால்பேட்டைக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சைவமா வேணும்னா ஓட்டல்ல கேளுங்க சார்.”

திரும்பி வந்தபோது அக்காவின் முகம் வீங்கிக் கண் சிறுத்திருந்தது. மூச்சு இழுத்தது. அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. அவள் போய்விடுவாளோ என்ற பயம்தான் அது.

“அக்கா, கஞ்சிக்கா” என்றேன். “அரிசிக் கஞ்சி. வேட்டிக்குப் போடுற மாதிரி குழாய்க்கும் போட்டிருக்கான்.”

அக்கா என் சட்டைப் பையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

குழாய் போட்ட நான்காம் நாள் வீக்கம் வடிந்து, அரை டம்ளர் காபியோடு உட்கார்ந்திருந்தாள். வார்டில் எல்லோரிடமும் கழுத்தைக் காட்டி, “கஞ்சி போட்ட குழாய்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

“பன்னியாமே. நர்சம்மா அன்னிக்கே சொல்லிடுச்சி.”

என் கை சட்டைப் பைக்குப் போனது.

“நானா ஒத்துக்கிட்டா பாவம் எனக்கு. நீ பொய் சொல்லிப் போட வெச்சா உனக்கு. அதுக்குத்தான்டா ரெண்டு நாளா காத்துக் கெடந்தேன். நீ என்னடான்னா சைவக் குழாய் தேடிக் கடை கடையா போற. இன்னும் ஒரு நாள் நீ யோக்கியனா இருந்திருந்தா நான் செத்திருப்பேன்.”