ஒலிப்பெட்டிக்கு அசையாத பழந்தின்னி வௌவாலும் ஓடிப்போன மூஞ்சூறும்

மே 10, ஞாயிறு, காலை 5.50. புளியமரத்தில் தொங்கிய பழந்தின்னி வௌவால்கள் 143. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வைத்திருக்கும் கொட்டகைக்குள் மூஞ்சூறு ஒன்று.

நான் எலி விரட்டும் ஒலிப்பெட்டி செய்கிறவன். நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பும். திண்டிவனம் பக்கம் விவசாயம் செய்யும் ஜெயசீலி அக்கா, சப்போட்டாவைத் தின்னும் வௌவால், விதைக் கொட்டகையில் திரியும் மூஞ்சூறு இரண்டையும் விரட்டுமா என்று போன மாதம் போனில் கேட்டார். “எல்லாத்தையும் விரட்டும்” என்றேன். சோதித்ததில்லை. அதற்குத்தான் இந்தப் பயணம்.

விழுப்புரத்தில் நாலு மணி பஸ். சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். திண்டிவனத்திலிருந்து ஆட்டோ ஒன்பது கிலோமீட்டர், 180 ரூபாய்.

“வௌவாலு எண்ணவா போறீங்க? வூட்ல ஒண்ணும் சொல்லலியா சார்?” என்றார் ஓட்டுநர்.

மரத்தடியில் பெட்டியைப் போட்டேன். இருபது நிமிடம். ஒரு வௌவால் இறக்கையைச் சொறிந்துகொண்டது, அவ்வளவுதான்.

“தாலாட்டு பாடுது போல தம்பி, உன் பொட்டி,” என்றார் அக்கா.

தப்பு என்னுடையது. ஒலியால் வழி கண்டுபிடிப்பது பூச்சி தின்னும் சின்ன வௌவால். இந்தப் பெரியது கண்ணையும் மூக்கையும் நம்புவது. மூஞ்சூறு நேர் எதிர்: கண் பேருக்குத்தான், மூக்கும் காதும்தான் எல்லாம்.

கொட்டகையில் போட்டதும் மூஞ்சூறு சுவரோரமாக வெளியே ஓடியது. பெட்டியாலா, எங்கள் காலடிச் சத்தத்தாலா, தெரியாது. எனக்குப் பெருமைதான். ஆனால் அதன் வாயில் இருந்தது மல்லாட்டை இல்லை, வண்டு.

அக்கா அங்கிருந்த பதினொரு மூட்டையில் ஒன்றைப் பிரித்தார். ஆடிப் பட்டத்துக்கு வைத்திருந்த விதை. தோலில் பொடிப்பொடியாக ஓட்டை.

“எல்லாத்தயும் வெரட்டும்னு சொன்னியே. அத நம்பிக்கினு இந்த வாட்டி வேப்பெலகூட போடல தம்பி.”

வண்டைத் தின்றுகொண்டிருந்த ஒரே ஆளையும் நானே துரத்தியிருக்கிறேன். பெட்டியை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

வௌவால் பார்க்கப் போகிறவர்கள் தொப்பி போடுங்கள், மரத்தடியில் வாயைத் திறந்து அண்ணாந்து பார்க்காதீர்கள், கடித்துப் போட்ட பழத்தைத் தொடாதீர்கள்.

நான் செய்யப் போவது:

1. பெட்டி அட்டையிலுள்ள வௌவால் படத்தை நீக்குவது.
2. வரும் ஞாயிறு பதினொரு மூட்டையையும் அக்காவுடன் வெயிலில் கொட்டி, ஓட்டை விழுந்ததைப் பொறுக்குவது.
3. வேப்பிலை உலர்த்திப் போடுவது.
4. தேறாத விதைக்கு ஈடாக நல்ல விதை வாங்கித் தருவது.
5. கொட்டகைக் கதவின் அடிச்சந்தை அடைக்காமல் விடச் சொல்வது. மூஞ்சூறு திரும்பி வர வேறு வழி இல்லை.