ஹமீது பாயின் நீல வாளிகள்

இந்த மாசியில் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. நம் குடியிருப்பில் நேரங்கெட்ட நேரத்தில் தண்ணீர் வந்தால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள். எதிர்வீட்டு மாலா கதவைத் திறந்து, "டீச்சர், யாரு வீட்லன்னு தெரியலையே" என்றாள். காவலாளி படியேறி வந்து சொன்னார்: "நம்ம ஹமீது பாய்தாங்க."

தஞ்சாவூரில் இந்த ஆண்டு மாசியிலேயே சித்திரை வெயில். போர்வெல் மோட்டார் பாதிநேரம் காற்றைத்தான் இழுத்தது. நம் குடியிருப்புச் சங்கச் செயலாளரான பாய், துபாயில் கட்டடப் பராமரிப்பு பார்த்துத் திரும்பியவர், மேல்தொட்டி வால்வைக் காலையிலும் மாலையிலும் மட்டும் திறந்தார். "கல்யாணமோ காதுகுத்தோ, முன்னாடியே பிடிச்சு வச்சுக்குங்க. சாவுதான் சொல்லிட்டு வராது. அதுக்கு மட்டும் எப்ப வேணும்னாலும் தொறப்பேன்" என்று அவர் கூட்டத்தில் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்.

என் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தபோது நான் சண்டைக்கே போனேன். "பச்ச உடம்புக்காரி இருக்கற வீடு பாய். உங்களுக்கு மனசே கிடையாதா?"

"மனசு இருக்கு டீச்சர். தொட்டியிலதான் தண்ணி இல்ல."

சற்று நேரத்தில், தன் வீட்டில் பிடித்து வைத்திருந்ததை இரண்டு நீல வாளிகளில் தூக்கிவந்து என் வாசலில் வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாங்கினேன். வாளிகளை அவர் திருப்பிக் கேட்கவே இல்லை.

அவர் வீடு நாலாவது மாடி. கீழே எல்லோரும் குழாயைத் திறந்தால் அங்கே சொட்டுக்கூட வராது. தனி லைன் போட்டுக்கொள்ளச் சொன்னோம். "அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்களச் சிக்கனமா இருங்கன்னு சொல்றது?" என்று சிரித்தார்.

அவரைக் குளிப்பாட்டத்தான் அன்று வால்வைத் திறந்திருந்தார்கள். அந்த நினைப்பே இல்லாமல் வீட்டுக்கு வீடு குடம் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தோம். "மேல தண்ணி வரலம்மா" என்று அவர் மகன் படியில் வந்து நின்றான். அடக் கடவுளே, இந்த மனிதருக்கா தண்ணீர் இல்லை! மாலா ஒவ்வொரு கதவாகத் தட்ட ஓடினாள். நான் நீல வாளிகளை நிரப்பித் தூக்கிக்கொண்டு ஏறினேன். மூச்சிரைக்க மேலே போய்ச் சேர்வதற்குள் கீழே எல்லாக் குழாயும் மூடியாகிவிட்டது. அவர் வீட்டில் தண்ணீர் நன்றாகவே கொட்டிக்கொண்டிருந்தது. இருந்தும் என் வாளிகளை மகன் கைநீட்டி வாங்கிக்கொண்டான்.

பாயிடமிருந்து என்னிடம் இருப்பவை, மகன் திருப்பித் தந்த அந்த வாளிகளும் அவருக்குப் பின் என் பொறுப்பில் வந்த வால்வுச் சாவியும். நேற்று கீழ்வீட்டுப் பெண், விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று வந்து நின்றாள். "ஒரு அஞ்சு நிமிஷம் தொறந்தா என்ன டீச்சர், குடியா முழுகிடும்?"

திறக்கவில்லை. நீல வாளிகளை நிரப்பிக் கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாங்கினாள்.