வெளிவீதியில் குளோவர் பூ

ரெக்ஸ்டேலில் பழைய கிடங்கு ஒன்றைக் கோயிலாக்கியிருக்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள புல்தரைதான் வெளிவீதி. நாளை திருவிழா. நேர்த்திக்கடன் வைத்த ஆண்கள் வெற்றுடம்போடு இந்தத் தரையில்தான் உருண்டு பிரதட்டையாகக் கோயிலைச் சுற்றுவார்கள். இப்போது அதில் வெள்ளைக் குளோவர் பூத்துக் கிடக்கிறது. பூவுக்குப் பூ தேனீ.

புல்வெட்டும் மெசினில் ஏறியிருக்கிறார் கோயில் தொண்டர் தவம். வழியை மறித்து நிற்கிறார் மாலதி. வேலிக்கு அப்பால் இருக்கும் மூன்று தேனீப் பெட்டிகளும் அவருடையவை.

“வெட்டாதேங்கோ அண்ணை. குளிரிலை பாதி செத்துப்போச்சு. மிச்சம் இந்தப் பூவாலைதான் தேறுது.”

“உதுகள் முதுகிலை குத்தினா முருகனோ வந்து மருந்து பூசுவார்? எனக்கும் நேர்த்தி இருக்கு, பிள்ளை.”

“எத்தினை மணிக்குப் பிரதட்டை?”

“ஒன்பதுக்கு.”

“ஆறுக்கு வையுங்கோ. பனி காயுமட்டும் ஒண்டும் பெட்டியை விட்டு வெளிக்கிடாது.”

“நிச்சயமா?” என்று, தோரணம் கட்ட வந்து பக்கத்தில் நிற்கும் நான் மாலதியைக் கேட்கிறேன்.

“நாளைக்கு நீங்களும் உருண்டு பாருங்கோவன்.”

தவம் சிரித்துவிடுகிறார். மெசினை நிறுத்திவிட்டு நிர்வாகத்தாரிடம் பேசப் போகிறார்.

மறுநாள் காலை ஆறு மணி. பனியில் நனைந்த புல்லில் பதினொரு பேர் உருள்கிறார்கள். கடைசியாகச் சுற்றி முடித்து எழுகிறார் தவம். முதுகெல்லாம் ஈரமும் நசுங்கிய பூவும்.

“ஒரு குத்தும் இல்லை, பிள்ளை!”

மாலதி திரும்பவில்லை. வெயில் படத் தொடங்கியிருக்கும் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“கெதியா உள்ளுக்குப் போங்கோ அண்ணை. என்ரை ஆக்கள் எழும்பீட்டினம்.”